சித்தன்னவாசல் படங்கள் யாருக்குச் சொந்தம்?

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயிலின் அர்த்தமண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மலர் கொய்யும் துறவியர், யானைகள், எருதுகள், மீன்கள், பறவைகள் என அக்குளம் நிறைந்து கிடக்கிறது. தூண்களின் மேற்பகுதியில் ஆடல் மகளிர் இருவரும், அரசன் அரசி என்று கருதப்படும் உருவங்களும் இருக்கின்றன. இருந்தன என்று எழுதிவிடலாமோ என்று ஐயுறும் அளவுக்கு அவை மங்கிவிட்டன. சுவர்ப் பரப்பில் இருந்தவை பெரும்பாலும் அழிந்துபோயின. எஞ்சியிருப்பவை கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தவை மட்டுமே.

இந்த ஓவியங்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. அவற்றின் அழகைக் குறித்து இன்னொரு கட்டுரை எழுதுவது எங்கள் நோக்கமன்று. அவற்றின் ஒளிப்படங்களைப் பற்றிச் சொல்லவே முற்படுகிறோம். கைப்பேசி வந்த பிறகு, அங்கு சென்று திரும்பும் குடும்பம் ஒவ்வொன்றும் சில படங்களையேனும் எடுத்து வருகிறது. அவை எங்கே போகின்றன? சமூக ஊடகத்தில் ஒரு நாள் நின்று, பிறகு மறைகின்றன. அல்லது ஏதோ ஒரு கணினித் தட்டில் எண்களையே பெயராகக் கொண்டு உறங்குகின்றன. பத்தாண்டு கழித்து, இந்தத் தூணில் இந்த வளைகோடு 2015இல் தெரிந்ததா என்று ஒரு மாணவர் அறிய விரும்பினால், விடை ஆயிரம் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கும். அவர் கைக்குக் கிடைக்காது.

இந்தச் சிதறலுக்கு ஒரு மாற்று ஏற்கெனவே இருக்கிறது. 2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விக்கிமீடியா காமன்ஸ், தமிழ் விக்கிப்பீடியர் வழக்கில் பொதுவகம், கட்டற்ற ஊடகங்களின் களஞ்சியம். ஒளிப்படம், வரைபடம், ஒலிப்பதிவு, காணொளி ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இன்று அதிலுள்ள கோப்புகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துவிட்டது. சேர்ப்பவர்களும் காப்பவர்களும் மிகப் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

பொதுவகம் என்ற சொல் நமக்குப் புதிது; பொருள் பழையது. புதுக்கோட்டைச் சீமையில் ஊருணி இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஊரார் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. அதை வெட்டியவர் பெயர் ஊருக்குத் தெரியும். ஆயினும் இன்னார் மட்டும் அள்ளலாம் என்று அவர் சொல்வதில்லை. இதில் நாம் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. ஊருணி வெட்டியதோடு வேலை முடிவதில்லை. வரத்துக்கால் அடைபடாமல் பார்க்க வேண்டும், கரை உடைந்தால் கட்ட வேண்டும், ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும். குடிமராமத்து என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். இணையத்திலுள்ள பொதுவகத்துக்கும் இதே விதி. படத்தை ஏற்றுவது நீர் வரத்து. அதை வகைப்படுத்தி, விளக்கம் எழுதி, உரிமம் சரிபார்த்து, பொருந்தாததை நீக்கிக் காப்பது மராமத்து. தமிழர்களாகிய நாம் முதலாவதில் ஓரளவு பங்கெடுத்திருக்கிறோம். இரண்டாவதில் மிகவும் பின்தங்கியிருக்கிறோம் என்பதே எங்கள் கருத்து.

படி எடுத்து வைப்பதன் தேவையை உணர அஜந்தாவின் கதை போதும். ராபர்ட் கில் என்ற படை அதிகாரி 1840களில் தொடங்கிப் பல்லாண்டு அக்குகைகளில் தங்கி ஓவியங்களைப் படியெடுத்தார். அவர் அனுப்பிய படிகளில் மிகப் பெரும்பாலானவை 1866இல் லண்டன் சிடன்ஹாம் பளிங்கு மாளிகைத் தீயில் எரிந்தன. பிறகு பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை தம் மாணவர்களோடு மீண்டும் படியெடுத்தார். அவற்றிலும் பல 1885இல் தென் கென்சிங்டன் காட்சியகத் தீயில் போயின. இரண்டு தலைமுறைகளின் உழைப்பு அழிந்ததற்குக் காரணம் ஒன்றே: படி ஒரே இடத்தில் இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின; அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. 2018 செப்டம்பரில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது விக்கிப்பீடியத் தன்னார்வலர்கள் உலகெங்குமுள்ள பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: அங்கே நீங்கள் எப்போதோ எடுத்த படங்கள் இருந்தால் பொதுவகத்தில் சேருங்கள் என்று. படங்கள் வந்து சேர்ந்தன. எரிந்த பொருள் மீளவில்லை. ஆயினும் அது எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி ஓரளவு மீண்டது. தீ விபத்துக்குப் பிறகு கேட்பதை முன்பே செய்துவைத்தால் என்ன என்பதுதான் நம் முன்னுள்ள வினா. சித்தன்னவாசலில் தீ தேவையில்லை. காலமும் காற்றின் ஈரமும் போதும்.

இனி, தூர்வாரும் வேலைக்கு வருவோம். ஒருவர் அறிவர் கோயிலின் படம் ஒன்றை ஏற்றுகிறார் என்று கொள்வோம். கோப்பின் பெயர் கைப்பேசி தந்த எண் வரிசை. விளக்கம்: "அழகான ஓவியம்". அந்தப் படம் பொதுவகத்தில் இருந்தும் இல்லாததுதான். யாரும் தேடி அதை அடைய முடியாது. அதை ஒரு தன்னார்வலர் காண்கிறார். இது விதானமா, தூணா, கருவறையின் மேற்பரப்பா என்று பார்க்கிறார். கருவறை விதானத்தில் விரிப்புப் போன்ற கோல வடிவங்கள் இருப்பதை அறிந்தவராக இருந்தால் இரண்டையும் பிரித்து உரிய பகுப்பில் இடுகிறார். கோப்புக்குப் பொருளுள்ள பெயர் சூட்டுகிறார். எடுத்த நாள், இடத்தின் நெடுங்கோடு, அகலக்கோடு ஆகியவற்றைச் சேர்க்கிறார். ஆங்கில எழுத்துகளில் இவ்வூரின் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எந்த வடிவில் தேடினாலும் படம் அகப்பட வழி செய்கிறார். இதற்கெல்லாம் அவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. படத்தை எடுத்தவர் பெயராவது படத்தோடு போகும். இவர் பெயர் திருத்த வரலாற்றின் அடுக்கில் எங்கோ கிடக்கும்.

இந்த வேலை எழுத்தர் வேலை என்று தோன்றலாம். அறிவு வேலை என்பதற்குச் சித்தன்னவாசலே சான்று. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1920இல் இவ்வோவியங்களைக் குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டு உலகறியச் செய்தார். து. அ. கோபிநாத ராவின் பங்கும் இக்கண்டுபிடிப்பில் உண்டு. அக்காலத்தில் இவை முதலாம் மகேந்திரவர்மன் காலத்துப் பல்லவ ஓவியங்கள், அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்பட்டன. பின்னர், கோயில் முகப்பருகே உள்ள கல்வெட்டு வேறு கதை சொன்னது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அண்ணல்வாயில் அறிவர் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்றும், அது அவனிபசேகரன் என்ற பாண்டியன் காலத்தில் நிகழ்ந்தது என்றும் அது கூறுகிறது. அந்த அரசன் ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன். ஆகவே இன்று நாம் காணும் ஓவியங்களைப் பாண்டியர் காலத்தவை என்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். கருவறை விதானத்தில் அதற்கு முந்தைய பூச்சு ஒன்றும் உண்டு என்பது இச்செய்தியை மேலும் நுட்பமாக்குகிறது.

இப்போது ஒரு படத்தின் கீழே "பல்லவர் ஓவியம், ஏழாம் நூற்றாண்டு" என்று ஒருவர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? பொதுவகத்தின் படத்தை ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எடுத்தாளும். அதிலிருந்து ஒரு பாடநூலோ, போட்டித் தேர்வு வழிகாட்டியோ எடுத்தாளும். படம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அந்த வரியும் போகும். நூற்றாண்டு பழமையான ஒரு கருத்து, அறிஞர்கள் கைவிட்ட பின்னும் ஒரு படக்குறிப்பின் வழியே உயிர் பெற்று உலவும். ஒரு படக்குறிப்பைத் திருத்துவது ஒரு மறுப்புக் கட்டுரை எழுதுவதைவிட அதிகப் பேரைச் சென்றடையும் என்று நாங்கள் நம்புகிறோம். அக்காரணத்தால்தான் இவ்வேலைக்கு இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள் வரவேண்டும் என்கிறோம். கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். அர்த்தமண்டபத்துக்கும் முகமண்டபத்துக்கும் வேறுபாடு தெரிந்தவர்கள்தாம் குறைவு.

தமிழில் விளக்கம் எழுதுவோர் அதனினும் குறைவு. பொதுவகம் பலமொழிக் களம். 2019 முதல் ஒவ்வொரு கோப்புக்கும் எந்த மொழியிலும் சுருக்கமான தலைப்பு எழுதும் வசதி இருக்கிறது. ஆயினும் தமிழ்நாட்டுக் கோயில்களின் படங்களுக்கே ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. ஏழடிப்பட்டம், சமணப் படுக்கை, முக்குடை, போதிகை முதலான சொற்களை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டு அங்கேயே விட்டுவந்தால், நம் கலைச்சொற்கள் நம் படங்களிலிருந்தே விலக்கப்பட்டவை ஆகும். தமிழில் தேடும் பள்ளிச் சிறுவனுக்கு அவன் மாவட்டத்து மலை கிடைக்காமல் போகும்.

தன்னார்வலர் செய்யும் இன்னொரு வேலை உரிமம் பார்ப்பது. பலருக்கு மனத்தாங்கல் உண்டாக்குவதும் இதுவே. இணையத்தில் கண்ட படத்தை எடுத்து "என் சொந்தப் படைப்பு" என்று ஏற்றுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது அறியாமையால் நேர்வது. இணையத்தில் இருப்பதெல்லாம் பொது என்று எண்ணிவிடுகிறார்கள். தன்னார்வலர் அதைக் கண்டுபிடித்து நீக்கல் கோரிக்கை இடுகிறார், விவாதம் நடக்கிறது, நிர்வாகி ஒருவர் முடிவு செய்கிறார். சில வேளைகளில் உண்மையாகவே எடுத்தவரின் படமும் ஐயத்துக்குள்ளாகும். அப்போது எடுத்தவர் மின்னஞ்சல் வழியே தம் இசைவை உறுதி செய்ய வேண்டும். புதிதாக வந்தவர் இந்த நடைமுறையில் மனம் சோர்ந்து விலகிப்போவதும் நிகழ்கிறது. அங்குள்ள பழையவர்கள் சற்றுக் கனிவாகப் பேசலாம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. விதி விளக்கப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது நிலைமையை இன்னும் கடினமாக்குகிறது. ஆனால் விதியைத் தளர்த்த வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். உரிமை தெளிவில்லாத ஒரு படம் களஞ்சியத்தில் இருந்தால், அதை நம்பி எடுத்து அச்சிட்ட பதிப்பாளர்தான் நாளை வழக்கைச் சந்திப்பார். கலங்கிய நீரைக் குடித்தவனுக்குத்தான் நோய் வரும்.

எவை பொது, எவை பொதுவல்ல என்பதில் சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. ஓராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓவியத்துக்குக் காப்புரிமை கிடையாது. அதன் ஒளிப்படத்துக்கு, எடுத்தவரின் திறன் அடிப்படையில், உரிமை இருக்கலாம். தட்டையான பழம் ஓவியத்தை உள்ளது உள்ளபடி படியெடுத்தால் புதிய உரிமை பிறப்பதில்லை என்று 1999இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று பிரிட்ஜ்மன் வழக்கில் கூறியது; பொதுவகம் அந்நிலைப்பாட்டையே பின்பற்றுகிறது. 1945இல் மறைந்த ழூவோ துப்ராயின் எழுத்து இன்று பொதுவுடைமை. ஆனால் 1983இல் மறைந்த சி. சிவராமமூர்த்தி போன்ற ஓர் அறிஞர் வரைந்த கோட்டோவியங்களைத் தம் விருப்பப்படி ஒருவர் ஏற்ற முடியாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள், அதாவது 2043 முடியும்வரை, அவ்வுரிமை நீடிக்கும். ஒளிப்படங்களுக்கோ பழைய விதி வேறாக இருந்தது. 1958க்கு முன் இந்தியாவில் எடுக்கப்பட்ட படங்களின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதாகவே பொதுவகத்தில் கொள்ளப்படுகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தின் முழுப் பொருளையும் நம் நிறுவனங்கள் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. லின்னேயஸ் டிரைப் என்ற ஒளிப்படக்காரர் சென்னை மாகாண அரசின் பணியில் 1857, 1858 ஆண்டுகளில் தென்னாட்டைச் சுற்றி வந்தார். மதுரை, தஞ்சை, திருச்சி, திருவரங்கம் ஆகியவற்றோடு புதுக்கோட்டைக்கும் ஒரு தனிப் படத்தொகுதி 1858இல் வெளிவந்தது. அவருடைய படங்களை இன்று நாம் இலவசமாகக் காணமுடிகிறது என்றால் அதற்கு அயல்நாட்டு அருங்காட்சியகங்களின் தாராளம் ஒரு காரணம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன்னிடமுள்ள பொதுவுடைமைப் படைப்புகளின் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இன்றி உலகுக்கு வழங்கியது. அவை பொதுவகத்துக்கும் வந்தன. ஆனால் நம் நாட்டுத் தொல்லியல், அருங்காட்சியகத் துறைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள்? சட்டப்படி அவை மக்களுடையவை, கைவசம் அலமாரியினுடையவை. சித்தன்னவாசல் ஓவியங்கள் இன்றைவிடத் தெளிவாக இருந்த காலத்தின் சாட்சியங்கள் அவை. அவற்றை மின்வருடி வெளியிட எந்தச் சட்டமும் தடையில்லை. யாரேனும் தொடர்ந்து கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்மாதிரி உண்டு என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையைத் தன்வசப்படுத்தியது. பின்னர் அது மக்களின் உடைமையாயிற்று. எழுத்தாளர் குடும்பத்துக்கு அரசு பணம் தந்து அவர் எழுத்தை எவரும் அச்சிடலாம் என்று ஆக்கும் நாட்டுடைமை முறை அவ்வழியே வந்தது. உலகில் வேறெங்கும் காண்பதற்கு அரிய ஏற்பாடு இது. அவ்வாறு நாட்டுடைமையான நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்கு வழங்கியதும் நடந்திருக்கிறது. எழுத்தை நாட்டுடைமையாக்கத் தெரிந்த நாம், படத்தை அவ்வாறு எண்ணியதே இல்லை. மறைந்த ஒளிப்படக் கலைஞர்களின் படச்சுருள்கள் வீட்டுப் பரணில் ஒட்டிக்கொண்டு அழிகின்றன. ஓர் எழுத்தாளருக்குக் காட்டும் மரியாதையை ஓர் ஒளிப்படக்காரருக்கும் காட்டலாம்.

எதிர்வாதங்களைத் தவிர்த்துவிட்டு மேலே செல்வது முறையாகாது.

முதலாவது, திருட்டு. நான் வெயிலில் மலையேறி எடுத்த படத்தை யாரோ ஒருவர் நாட்காட்டியில் அச்சிட்டுப் பணம் பண்ணுவதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பொதுவகம் "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையுள்ள உரிமத்தை ஏற்பதில்லை. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் சிற்றிதழ்கள் விலைக்கு விற்கப்படுகின்றன. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவையும் வணிகமாகக் கூடும். முந்நூறு படி அச்சிட்டு நட்டத்தில் நடக்கும் ஓர் இதழ், அட்டையில் சித்தன்னவாசல் ஆடல்மகளை இட விரும்பினால், அந்த நிபந்தனை முதலில் தடுப்பது அவ்விதழைத்தான். பெரிய நிறுவனத்துக்குப் படக்காரரை அனுப்ப வசதி உண்டு. மேலும், பொதுவகத்தில் பரவலாக வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எடுத்தவரின் பெயரைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குகிறது. அதன் ஒரு வகை, மாற்றியமைத்த படைப்பையும் அதே உரிமத்தில் பகிரச் சொல்கிறது. பெயரை விட்டுவிட்டு அச்சிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் சமூக ஊடகத்திலிருந்தும் அப்படியே எடுக்கிறார்கள். பொதுவகத்திலாவது, எந்த நாளில் யார் முதலில் பதிந்தார் என்ற சான்று எல்லோர் கண்முன்னும் இருக்கிறது.

பெயர் பொறித்துப் பொதுவில் வைப்பது இம்மலைக்கு அயலான வழக்கமும் அன்று. கோயிலுக்கு மேலே, ஏழடிப்பட்டத்தில், வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் அருகே பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. எருமிநாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பார் அந்த இருக்கையைச் செய்தளித்ததை அது பதிவு செய்கிறது. செய்தவர் யார், யாருக்காக, அவர் எவ்வூரார் என்ற மூன்று செய்திகளும் ஒரே வரியில் அடங்கிவிட்டன. ஒரு நல்ல படக்குறிப்பில் இருக்க வேண்டியவையும் ஏறத்தாழ இவையே. பிற்காலத்துத் துறவியர் சிலரும் தத்தம் பெயர்களை அங்கே விட்டுச் சென்றுள்ளனர். படுக்கை தொடர்ந்து பயன்பட்டது. செய்தவர் பெயரும் நின்றது.

இரண்டாவது எதிர்வாதம்: இதெல்லாம் அரசின் கடமை அல்லவா? ஆம், கடமைதான். ஆனால் அரசுத் துறையின் ஒளிப்படக்காரர் எப்போதோ ஒரு முறை வந்து முறையாக எடுப்பார். ஊர்க்காரரும் பயணியும் ஆண்டு முழுவதும் எடுக்கிறார்கள். ஓர் ஓவியம் எவ்வாறு மாறிவருகிறது என்பதை அறிய இரண்டு வகையும் வேண்டும். 2018 ஜூலையில் இந்தியத் தொல்லியல் துறை, அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை அறை நீங்கலாகத் தன் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் படமெடுக்கப் பொதுவாக இசைவு தந்தது. அந்த இசைவுக்குரிய பொறுப்பும் நம்முடையது. ஓவியத்தின் மீது மின்னொளி பாய்ச்சாமலும், காவலர் சொல்வதை மீறாமலும் எடுக்க வேண்டும். படத்துக்காக ஓவியத்தைக் கெடுப்பவர் எந்தக் களஞ்சியத்துக்கும் நண்பரல்லர்.

மூன்றாவது: அமெரிக்க அறக்கட்டளை ஒன்றின் வழங்கியில் நம் மரபை ஏன் கொண்டுபோய் வைக்க வேண்டும்? இதை எளிதாக ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. ஒரே இடத்தில் இருந்த படிகள் எரிந்த கதையை மேலே நாங்களே சொன்னோம். ஆனால் கட்டற்ற உரிமத்தின் பயனே இதில்தான் இருக்கிறது. அங்குள்ளதை முழுவதுமாகப் படியெடுத்துச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சமூக ஊடக நிறுவனங்களில் நாம் கொட்டும் படங்களுக்கு இந்த வழி இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ்த் தன்னார்வலர்களால் பல்லாண்டு ஒரு களஞ்சியத்தைக் காக்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. நூல்களுக்குச் செய்ததைப் படங்களுக்கும் செய்யலாம். பொதுவகத்தில் சேர்ப்பது அதற்கு முட்டுக்கட்டை ஆகாது. அதற்கு மூலதனம் ஆகும்.

இன்று இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியில் "பழந்தமிழ் ஓவியம்" ஒன்றை உருவாக்கித் தருகின்றன. அது உண்மையான சுவரோவியத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். கண்ணுக்கு இனிதாகவும் இருக்கும். எது சுவரில் இருந்தது, எது எந்திரம் கற்பித்தது என்று அடுத்த தலைமுறை எப்படி அறியும்? இந்த நாளில், இந்த இடத்தில், இன்னார் எடுத்தது என்ற குறிப்போடு நிற்கும் மங்கலான ஒரு படம் அப்போது பெருமதிப்புடையதாகும். மூலம் தெரிந்த படம் என்பது இனிவரும் காலத்தில் ஆவணம்.

தமிழில் இத்தகைய முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2011 நவம்பரில் தொடங்கி 2012 பிப்ரவரி வரை தமிழ் விக்கிப்பீடியர் ஓர் ஊடகப் போட்டி நடத்தினர். தமிழர் வாழ்வும் தொழிலும் கலையும் சார்ந்த ஆயிரக்கணக்கான கோப்புகள் பொதுவகத்தில் சேர்ந்தன. நெதர்லாந்தில் 2010இல் தொடங்கிய நினைவுச்சின்ன ஒளிப்படப் போட்டி, 2011இல் ஐரோப்பாவில் 1,68,208 படங்களைத் திரட்டிக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 2012இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. போட்டிகள் நல்லவை. ஆனால் போட்டி முடிந்த மறுநாள் கூட்டம் கலைந்துவிடும். வந்து குவிந்தவற்றை ஒழுங்குசெய்யும் வேலை எஞ்சியிருக்கும் நாலைந்து பேர் தலையில் விழும். திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஊரே திரளும். தேரைக் கொட்டகையில் சேர்க்கச் சிலரே நிற்பர் என்பது நாம் அறியாததா?

ஆகவே எங்கள் வேண்டுகோள், இவ்விதழ் போன்றவற்றை வாசிக்கும் நண்பர்களுக்கு, மிகச் சிறியது. சித்தன்னவாசலுக்கோ, அதன் அருகிலுள்ள குடுமியான்மலைக்கோ, நார்த்தாமலைக்கோ சென்றால் புகழ்பெற்ற காட்சியை மட்டும் எடுக்காதீர்கள். அது போதுமான அளவு இருக்கிறது. தூணின் பின்புறத்தை, பெயர்ந்த பூச்சை, கல்வெட்டின் ஒவ்வொரு வரியை, அறிவிப்புப் பலகையை, மலை ஏறும் வழியை எடுங்கள். கருவறையில் நின்று மெல்ல ஒலியெழுப்பினால் எழும் அதிர்வைப் பதிவு செய்தால் அதையும் சேர்க்கலாம். பொதுவகம் ஒலியையும் ஏற்கும். நீர்க்குறி இடாமல், சுருக்காமல், முழு அளவில் தாருங்கள். நாளும் இடமும் பொருளும் தமிழில் எழுதுங்கள். பயணம் செல்ல இயலாதவர்கள் அதனினும் பெரிய உதவி செய்யலாம். ஏற்கெனவே அங்கே பெயரின்றிக் கிடக்கும் தமிழ்நாட்டுப் படங்களில் நாளொன்றுக்கு ஒன்றுக்குத் தமிழ் விளக்கம் எழுதினால், ஓராண்டில் ஒருவர் 365 படங்களை வாழ வைத்திருப்பார். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மாவட்டத்தின் தொல்லியலுக்கே தமிழ் அட்டவணை ஆகிவிடும்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. 1958க்கு முந்தைய ஒளிப்படங்களைப் பொதுவில் தாருங்கள். இனி எடுப்பவற்றைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுங்கள். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் மாணவர்க்குத் தரும் ஒப்படைப்புகளில் ஒன்றையேனும் இப்பணிக்கு ஒதுக்கலாம். யாரும் படிக்காமல் அலமாரிக்குப் போகும் ஏட்டைவிட, சரிபார்க்கப்பட்ட பத்துப் படக்குறிப்புகள் பயன் மிகுந்தவை.

தலைப்பிலிட்ட வினாவுக்கு எங்கள் விடை இது. படம் எடுத்தவருக்கு உரியது அதன் மீதுள்ள பெயர். பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உரியது. காக்கும் பொறுப்பு, அது என்ன ஓவியம் என்று அறிந்தவர்களுக்கு உரியது. அவ்வகையில் இதை வாசிக்கும் பலரும் அப்பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. விதானத்துக் குளத்தில் இன்னும் சில தாமரைகள் தெரிகின்றன. அவை தெரியும்போதே எண்ணி, எழுதி வைப்போம்.